பூஜ்ஜிய வோல்ட்டில் நாற்பத்தொன்று

ஆடி முடிந்தால் கிளிமூக்கு லாரிகள் நின்றுவிடும்.
கூழ் டப்பாக்கள் கப்பல் ஏறிவிடும்.
காவேரிப்பட்டணம் சாலையில் எங்கள் ஆய்வகத்துக்கு
அப்புறம் ஈ ஓட்டுகிற வேலைதான்.
கருவியை மட்டும் அணைக்கக் கூடாது.
உள்ளே ஒருமுறை காற்று போனால்
வெற்றிடம் திரும்ப இரண்டு நாள்.

அதனால் ஞாயிறு எனக்கு.
பைரப்பா சார் கேட்டார்:
'இதுக்கு பில்லு யார் பேர்லம்மா?'
'யார் பேர்லயும் இல்ல சார்.
ஆர்கான் கொஞ்சம் செலவாகும்.'
கொஞ்சம் என்றால் எவ்வளவு
என்று அவர் கேட்கவில்லை.

ஒன்று பிரிடின். அழுகிய மீன் வாடை.
இன்னொன்று அதன் தங்கை,
உடம்பில் ஒரு மெத்தில் கூடுதல்.
நடுவில் ஒரே ஒரு புரோட்டான்,
அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்தாற்போல்.
மொத்த நிறை நூற்று எழுபத்து மூன்று.
இதை ஆர்கானில் மோதவிட்டு,
உடையும்போது புரோட்டான் யாரோடு போகிறது
என்று எண்ண வேண்டும்.
எண்பதில் விழுந்தால் அக்கா.
தொண்ணூற்று நான்கில் விழுந்தால் தங்கை.

தங்கைதான் ஜெயிப்பாள், தெரிந்த கதை.
எனக்கு வேண்டியது
எவ்வளவு இடித்தால் கை விடும் என்பது.

ஆறு வோல்ட் கொடுக்கிறேன்.
ஆறும் போய்ச் சேர்வதில்லை.
மோதிய இரண்டும் சேர்ந்து முன்னே நகரவே
ஏறக்குறைய ஐந்து தீர்ந்துவிடுகிறது.
பிணைப்பை அசைக்க மிஞ்சுவது
ஒன்றும் கொஞ்சம் சில்லறையும்.
பர்கூர் பஸ்ஸில் நின்றபடி வந்தவர்களுக்குத் தெரியும்,
பஸ்ஸின் வேகம் வேறு
பக்கத்து முழங்கை வேறு.

ஒன்றரைக்குக் குவாரியில் வெடி வைத்தார்கள்.
ஜன்னல் அதிர்ந்தது.
திரையில் கோடு அதிரவில்லை.

புத்தகத்தில் அதைப் படிக்கட்டு போல வரைந்திருப்பார்கள்:
இதுவரை ஒன்றுமில்லை, இங்கிருந்து உடைவு.
என்னுடையது சையத் பாஷா மலையின் அடிவாரம்.
மலை எங்கே தொடங்கியது என்று
கண்ணுக்குத் தெரியாது,
முழங்காலுக்குத்தான் தெரியும்.

கீழே கீழே இறக்கிக்கொண்டே வந்தேன்.
நான்கு. இரண்டு. ஒன்று.
கடைசியில் பூஜ்ஜியம்.
தள்ளவே இல்லை.
நாற்பத்தொன்று.

அழுக்கோ என்று வெறும் கரைப்பானை ஓட்டினேன்.
ஒன்றுமில்லை.
திரும்பக் கலவை.
முப்பத்தெட்டு. நாற்பத்து மூன்று.
ஊசிமுனையில் பட்ட சூட்டை
உள்ளேயே வைத்துக்கொண்டு வந்திருக்கின்றன.
சில, பாதி வழியிலேயே,
யாரும் தொடாமலே விட்டுவிடுகின்றன.

போன வியாழன் ருத்ரமுனியிடம் நான் சொன்னது
'லாக் புக்கில் நேரம் போட மறந்துட்டே.'
அவ்வளவுதான்.
பேனாவை மேசையில் வைத்தான்.
சாப்பாட்டு டப்பாவை எடுத்தான்.
ராயக்கோட்டை பஸ் அப்போதுதான் வந்தது.
இரண்டு நாளாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
அப்படி என்ன சொன்னாய் என்று.
நானும் அந்த ஐந்து சொற்களை
மாற்றி மாற்றி எடை போட்டேன்.
காணாது.
எப்படிக் கூட்டினாலும் காணாது.

சூட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.
கழிக்க, உள்ளே எவ்வளவு என்று தெரிய வேண்டும்.
தெரியாது.
ஓர் அனுமானம் எழுதி
பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போடுகிறோம்,
அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே இருக்கும்.

நோட்டில் எழுதினேன்:
பூஜ்ஜிய வோல்ட், நாற்பத்தொன்று.
மாலை ஆறு பத்து.
நேரம் போட்டுவிட்டேன்.

பிறகு போனை எடுத்து
ருத்ரமுனிக்கு ஒரு வரி அனுப்பினேன்:
'பம்ப் ஆயில் எந்த அலமாரியில இருக்கு?'

மூன்றாவது அலமாரி, கீழ்த் தட்டு, பச்சை மூடி.
காலையில்தான் எடுத்து ஊற்றியிருந்தேன்.